இடது பக்கத்து சீட்டு

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் போய்ச் செங்கொடி வீடு எது என்று கேட்டால், "அந்தக் கத்துற அக்காவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. விடிகாலையில் "டீ ஆறுது!" என்று ஆரம்பிக்கும் அந்தக் குரல் மூன்று மாடிக்கும் கேட்கும். புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம், புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஓடிவந்த கதைகூட உண்டு. சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. அவள் புருஷன் பீம்ராவுக்குக் காது கேட்காது, அவ்வளவுதான்.

வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் பாதி மிச்சம். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில், ராட்சச கம்ப்ரஸர்கள் ஓடும் கட்டடத்துக்குள் இருபத்தொன்பது வருஷமாக நிற்கும் மனிதர். பாதியாவது மிஞ்சியதே பெரிது.

கத்திப் பேசுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று கத்தலாம், தண்ணி லாரி வந்துவிட்டது என்று கத்தலாம். மனசுக்குள் கிடப்பதை எப்படிக் கத்துவது? "எனக்குப் பயமா கீதுய்யா" என்பதை மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி யார் சொல்வார்கள்? அதனால் செங்கொடி சொல்லவில்லை. ஒரே பெண்ணையும் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியாயிற்று. வீட்டில் மிச்சம் இரண்டு பேர், அவர்களுக்கு நடுவில் டீ, கேஸ், தண்ணி லாரி.

போன வருஷம் கார் வந்தது. ஏழு வருஷம் ஓடிய ஒரு சின்ன வெள்ளைக் கார். ஐம்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கிவிட்டு, எடுத்த வண்டியைத் தெருவில் நிறுத்தி வைத்துக்கொண்டு பீம்ராவ் தயங்கினார்.

"வண்டி எதுனா சத்தம் போட்டா எனக்குத் தெரியாதேமே."

"நான் எதுக்குக் கீறேன்? பக்கத்துலயே குந்திகினு கேட்டுச் சொல்றேன். நீ ஓட்டு!" என்று செங்கொடி கத்தினாள். பிளாக்கே கேட்டது.

செங்கொடிக்கு எர்ணாவூரில் வேலை. நாற்பது மிஷின் ஓடும் ஒரு தையல் யூனிட்டில், தைத்து வந்த சட்டைகளைப் பார்த்துப் பிசிறு நூலை வெட்டி அடுக்குகிறவள். அவர் நாலரை மணிக்கு ஷிப்ட் முடித்து வந்து அவள் யூனிட் வாசலில் காரை நிறுத்திக் காத்திருப்பார். ஐந்தரைக்கு அவள் வந்து ஏறிக்கொள்வாள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரம் அது. கூப்பிடு தூரத்தைக் கடக்க அரை மணி ஆகும். ஊரே அந்த ரோட்டைத் திட்டும்.

முதல் நாள் சாயங்காலம். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. பக்கத்தில் நின்ற லாரியின் டிரைவரைப் பார்த்துச் செங்கொடி, "பாவம், எப்ப சாப்ட்டானோ" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"இப்பத்தான் சாப்ட்டுகினு கீறான், பாரு" என்றார் பீம்ராவ்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கத்தவே இல்லை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் அவருடைய நல்ல காது அவள் பக்கம் இருக்கிறது. நடுவில் ஒரு முழம். வெளிச்சத்தம் உள்ளே வராத டப்பா. பேசலாம்!

அன்றிலிருந்து அந்த நெரிசல்தான் செங்கொடிக்குத் தாம்பத்தியம். ரோடு காலியாக இருந்த நாட்களில் அவள் முகம் வாடிப்போகும். வெள்ளம் வந்த வருஷம் அவர் கம்பெனியில் மாட்டிக்கொண்டபோது, குழந்தையை பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் விடிய விடிய உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். நர்ஸ் படிக்க ஆசைப்பட்டதைச் சொன்னாள். தன் குரலைக் கேட்டால் தனக்கே பிடிக்கவில்லை என்பதையும் சொன்னாள். பீம்ராவும் சொன்னார். கம்ப்ரஸர் ஓடும்போது யாருக்கும் கேட்காது என்பதால் தினமும் அங்கே நின்று பாடுவாராம். இருபத்தொன்பது வருஷமாகப் பாடியிருக்கிறார், கட்டிய பெண்டாட்டிக்கு அது தெரியாது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பீம்ராவைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் கம்பெனிச் சுவரெல்லாம் மாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகைகளை எழுத்துக் கூட்டிக் கூட்டியே இங்கிலீஷ் கற்றுக்கொண்டார். காதல் கடிதம் இங்கிலீஷில் கொடுத்தால் முழிப்பார். ஆபத்து, எச்சரிக்கை, கவனிக்கவும் என்று எழுதியிருந்தால் தண்ணீராக ஓடும். காரோடு வந்த தடிப் புத்தகம் முழுக்க அந்தப் பாஷைதான். யூனிட் வாசலில் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் அதைப் பக்கம் பக்கமாகப் படித்தார். இத்தனை வருஷத்தில் தனக்கென்று எழுதப்பட்ட புத்தகம் ஒன்று கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

விஷயம் பரவி, தெருவில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். புளியந்தோப்பிலிருந்து வந்து அந்தத் தெருவில் குடியேறிய வசீம், வாடகைக் கார் ஓட்டுகிறவன், புது வண்டியின் வாரண்டிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நைனா, மஞ்சளா ஒரு லைட்டு எரியுது. பேஜாரா கீது!"

"மஞ்சளா எரிஞ்சா ஓட்டிகினு போய்க் காட்டு. செவப்பா எரிஞ்சா அப்டியே ஓரங்கட்டு" என்றார் பீம்ராவ். புத்தகத்தைப் புரட்டினார். பிறகு வண்டியின் மூக்கைப் பார்த்தார். "வெளில ஒயர வெட்டி ஜிகுஜிகு லைட்டு போட்டியா?"

"சும்மா ஒரு கெத்துக்கு."

"அந்த ஒயரிங்குக்கு வாரண்டி பூட்ச்சு. எஞ்சினுக்குக் கீது, கியருக்குக் கீது. பிரேக் கட்டை தேயற சாமான், அதுக்கு எப்பவுமே இல்ல. சர்வீசு தேதிய உட்டுட்டியான்னா எதுக்கும் இல்ல."

"மொத்த வண்டிக்கும்னு நெனச்சிகினு கீறேன், நைனா" என்று வசீம் தலையில் கை வைத்துக்கொண்டு போனான்.

வாசிக்கிறது அவர், கேட்கிறது அவள். காரில் அப்படி ஒரு ஏற்பாடு அமைந்துவிட்டது. பெல்ட் போடாவிட்டால், கதவு சரியாக மூடாவிட்டால், ஹேண்ட் பிரேக்கை எடுக்காவிட்டால் வண்டி சத்தம் போடும். பீம்ராவ் தலையை இந்தப் பக்கம் சாய்த்து, "இன்னா சத்தம்மே?" என்பார். "டிங் டிங்ங்குது, பெல்ட்டு" என்பாள் செங்கொடி. "டொங்குனு ஒரு வாட்டி, கதவு" என்பாள். ஒரு நாளைக்கு நான்கைந்து முறையாவது கேட்பார். அவளுக்கு அதில் ஒரு பெருமை. வண்டியில் தானும் ஒரு முக்கியமான பார்ட்டு என்று நினைத்துக்கொள்வாள்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வசீமைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனார்கள். பாதி தூரத்தில், பீம்ராவ் ரோட்டிலேயே கண்ணாக இருந்தபோது, வசீம் எட்டி, "இன்னாக்கா, எம்மாம் நேரமா டிங் டிங்னு கத்துது, பெல்ட்டப் போடக்கூடாதா?" என்றான்.

செங்கொடிக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வசீம் பேசியது நன்றாகக் கேட்டது. அந்த மெல்லிசான டிங் டிங் மட்டும் இல்லவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் கவனித்துப் பார்த்தாள். செல்போன் மணி கேட்கவில்லை, தரையில் வைத்தால் அதிர்வதுதான் தெரிந்தது. தெருவில் சைக்கிள் பெல் கேட்கவில்லை. காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நாற்பது மிஷினின் வேலையாக இருக்கலாம், வயசாக இருக்கலாம். எதுவாக இருந்தால் என்ன, அவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

பீம்ராவின் பையில் எப்போதும் ஒரு சிவப்பு அட்டை கிடக்கும். கம்பெனியில் மிஷினைப் பழுது பார்க்க உள்ளே இறங்குகிறவன், சுவிட்சை அணைத்துவிட்டு அதில் மாட்டுகிற அட்டை. அவருடைய போட்டோ, கையெழுத்து, கீழே தமிழில், "அபாயம். இயக்காதே. இந்த அட்டையை மாட்டியவர் தவிர வேறு எவரும் இதை அகற்றக் கூடாது." முதலாளியே வந்தாலும் கழற்ற முடியாது. வீட்டில் மிக்ஸி ஒயர் பிய்ந்தபோது அதிலும் மாட்டினார், கிரைண்டரிலும் மாட்டினார். வண்டிக்குக் கேட்கிற காது இல்லை என்று தெரிந்தால் அந்த அட்டை நேராக ஸ்டியரிங்கில் ஏறிவிடும். கார் நிற்கும். கார் நின்றால் அந்த ஒரு மணி நேரப் பேச்சும் நிற்கும். மறுபடியும் டீ, கேஸ், தண்ணி லாரி.

அதனால் செங்கொடி ஏமாற்றக் கற்றுக்கொண்டாள். டேஷ்போர்டில் குட்டியாக ஒரு சிவப்பு மனிதன் பெல்ட்டோடு எரிவான். கதவுக்கு ஒரு படம் எரியும். அவர் "இன்னா சத்தம்மே?" என்று கேட்டதும் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டு, "டிங் டிங்ங்குது" என்பாள்.

புரட்டாசியில் வசீம் இன்னொரு சேதி கொண்டு வந்தான். அவன் தோஸ்து ஒருவனின் காரை, ஏர்பேக்கை மாற்ற வேண்டும் என்று கம்பெனியே திரும்பக் கூப்பிட்டிருக்கிறதாம். இவர்களுடையதும் அதே மாடல். பீம்ராவ் வண்டியின் சேசிஸ் நம்பரைக் காகிதத்தில் எழுதி, போனில் கம்பெனியின் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். இவர்கள் வண்டியும் பட்டியலில் இருந்தது. கடிதம் பழைய சொந்தக்காரர் விலாசத்துக்குப் போய்த் தொலைந்திருக்கிறது. இடது பக்கத்து ஏர்பேக்கை ஊத வைக்கும் டப்பாவில் கோளாறு, மோதினால் உலோகத் துண்டு தெறிக்கலாம், மாற்றும் வரை அந்தப் பக்கத்து முன் சீட்டில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது.

"வாரண்டிதான் எப்பவோ முடிஞ்சிடுச்சே! எவன் மாத்திக் குடுப்பான்?" என்று செங்கொடி கத்தினாள்.

"வாரண்டி வேற, இது வேற. ரிப்பேரானா இத்தினி வருசம் பாத்துக்கறேன்னு குடுக்கற வாக்கு, அது வாரண்டி. இது அவன் செஞ்சதே தப்பு. அதுக்குக் கெடு கிடையாது, காசும் கேக்க மாட்டான்."

சாமான் வர ஏழு வாரம் ஆகும் என்றார்கள். பீம்ராவ் பையைத் திறந்தார். முன் சீட்டின் பெல்ட்டில் சிவப்பு அட்டையை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"லச்சத்துல ஒண்ணுய்யா அது!"

"அந்த ஒண்ணு நீயா இருந்தா?"

கோபமாகவே பின்னால் ஏறினாள். அந்தக் கோபத்துக்குள் அவர் மேல் கொள்ளைப் பிரியமும் இருந்தது, அதைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பின் சீட்டிலிருந்து பேசினால் அவருக்கு எட்டாது. ஓட்டும்போது தலையைத் திருப்பவும் மாட்டார். இரண்டு முறை கத்திப் பார்த்தாள். மூடிய காருக்குள் அது இடி மாதிரி இருந்தது, அவர் தோள் குலுங்கியது. விட்டுவிட்டாள். லாரிகள் நகர்வதும் நிற்பதுமாக, அவருடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். காதோரம் நரைத்திருப்பதை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். எப்போது முன்னால் போவோம் என்று தவித்தது மனசு. அதே மனசு, பின்னால் இருக்கும் வரை "இன்னா சத்தம்" என்று கேட்க மாட்டார், தப்பித்தோம் என்றும் சொன்னது. ஒரே சீட்டுக்காக ஏங்குவதும் பயப்படுவதும் எப்படி என்று தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கார்த்திகை மழையில் ஒரு சனிக்கிழமை சர்வீஸ் சென்டரிலிருந்து கூப்பிட்டார்கள். நெல்சன் என்கிற மெக்கானிக் முன் கதவைத் திறந்து அட்டையில் கை வைக்கப் போனான். பீம்ராவ் அவன் கையை மெதுவாக விலக்கிவிட்டு, தானே கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். செங்கொடி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது ஏர்பேக் ஏறியது. நெல்சன் அவர்களைக் கூப்பிட்டான்.

"உக்காருங்கம்மா, உங்க சீட்டுதானே. சார், சாவி போடறேன். ஏர்பேக் லைட்டு எரிஞ்சு தானா அணையும், பாத்துக்குங்க."

எரிந்தது. அணைந்தது. செங்கொடி இன்னும் பெல்ட் போடவில்லை, அந்தக் குட்டிச் சிவப்பு மனிதன் மட்டும் எரிந்துகொண்டிருந்தான். பீம்ராவ் ஜன்னல் வழியாகக் குனிந்து, ஏழு வாரத்துக்கு முந்தைய பழக்கத்தில் கேட்டார்.

"இன்னா சத்தம்மே?"

"டிங் டிங்ங்குது, பெல்ட்டு" என்றாள்.

நெல்சன் நிமிர்ந்தான். "சத்தம் வராதேம்மா. பஸ்ஸர் ஒயர இன்னும் சொருகவே இல்ல."

அவன் பாவம், ஒன்றும் தெரியாமல் சொன்னான். குனிந்து ஒயரைச் சொருகினான். செங்கொடிக்கு அப்போதும் எதுவும் கேட்கவில்லை. மடியில் கிடந்த கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பீம்ராவ் கையெழுத்துப் போட்டார், காகிதத்தை வாங்கினார், வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

தண்டையார்பேட்டைக்கு முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள். ஏழு வாரமாக அவள் ஏங்கிய இடம், அவள் ஏங்கிய நேரம். அவர்தான் ஆரம்பித்தார்.

"எப்பலேர்ந்து கேக்கல?"

"ஆடிலேர்ந்து." சொன்னதும் உடைந்துவிட்டாள். "அட்டைய மாட்டிடாதய்யா. ஸ்டியரிங்குல மாட்டி வண்டிய நிப்பாட்டிடாத. எனக்கு வேற எங்கயும் உன்னாண்ட பேச முடியாது. வூட்ல கத்திகினே செத்துப்பூடுவேன்."

பீம்ராவ் அவளையே பார்த்தார். "எதுக்கு மாட்டணும்?"

"நான்தான வண்டிக்குக் காது? நான் கேட்டுச் சொன்னாதான நீ ஓட்டுவ?"

அவர் டேஷ்போர்டைக் காட்டினார். "இது போடற சத்தம் அத்தினிக்கும் இங்க ஒரு லைட்டு கீது. பொஸ்தகத்துல தெளிவா போட்டுக்கீறான். மொத நாள்லேர்ந்து நான் லைட்டப் பாத்துத்தான் ஓட்டறேன்." வண்டியை ஒரு அடி நகர்த்தி நிறுத்திவிட்டு, "திங்கக்கெழம லீவு போடு. ஸ்டான்லி ஆஸ்பத்திரில காதுக்குக் காட்டலாம். ரெண்டு பேருமே காட்டலாம்" என்றார்.

செங்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இத்தனை நாளும் இரண்டு பேரும் அந்த ஒரே சிவப்பு விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார், ஒருத்தி பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அப்ப எதுக்குய்யா தெனமும் இன்னா சத்தம், இன்னா சத்தம்னு என்ன நச்சரிச்ச?"

பீம்ராவ் முன்னால் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து லாரி புஸ்ஸென்று பிரேக்கை விட்டது.

"இன்னா? கேக்கல."

அவர் மறுபடி சொன்னார். உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

"கேக்கலய்யா!"

பீம்ராவ் திரும்பி, அவள் முகத்துக்கு நேராக, கல்யாணமான முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கத்தினார்.

"நீ பேசினா எனக்கு நல்லா கீது! அதான் கேட்டேன்!"

கண்ணாடி ஏற்றியிருந்தும் பக்கத்து லாரி டிரைவர் தலையை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். செங்கொடிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள். "முன்னாடி பாத்து ஓட்டு."